விடியும்வரை ஒரு போட்டி

நாங்கள் உயர்தரம் படித்த தொண்ணூறுகளின் கடைசியில் நம் பாடசாலையில் ஒரேயொரு கணினி இருந்தது. துணி போர்த்தி, அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்திருக்கிறோம், தொட்டதில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியலுக்கென்று 1985இலேயே தனித்துறை தொடங்கிவிட்டது என்பதோ, நிரல் எழுதுவதில் மாணவர்கள் போட்டியிடுவார்கள் என்பதோ எங்களுக்குத் தெரியாது. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் மருத்துவம். எங்களில் சிலர் அப்படித்தான் டொக்டரானோம்.

போட்டி என்னவோ பழையதுதான். இன்று ஐசிபிசி என்று அறியப்படும் மாணவர் நிரலாக்கப் போட்டி 1970இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கியது. அணிக்கு மூவர், ஒரு கணினி, 5 மணி நேரம். 2006இல் ஐஇஇஇ என்ற பொறியியலாளர் அமைப்பு ‘எக்ஸ்ட்ரீம்’ என்று இன்னொன்றைத் தொடங்கியது. இதிலும் அணிக்கு மூவர் வரை சேரலாம். நேரம் மட்டும் 24 மணி. உலகம் முழுவதும் ஒரே கணத்தில் தொடங்குவதால் இலங்கையில் காலை 5.30க்கு ஆரம்பித்து மறுநாள் காலை 5.30க்கு முடியும். கணக்குகள் ஒவ்வொன்றாக வரும். அனுப்பும் நிரலைக் கணினியே சோதித்துப் புள்ளி போடும். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் நம் புத்தளமும் இருக்கிறது. புள்ளி போடும் கணினிக்கு மாவட்டமும் தெரியாது, தாய்மொழியும் தெரியாது, எழுதியவர் ஆணா பெண்ணா என்பதும் தெரியாது.

ஆனால் இரவு முழுவதும் அணியோடு இருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

எங்களுக்கு நான்கு வகுப்பு இளையவள் ஒருத்தி பொறியியல் பீடத்துக்குப் போனாள். அணியில் மூன்றாவது ஆளாகச் சேரச் சொல்லித் தோழர்கள் கேட்டார்கள். வாப்பா மறுத்துவிட்டார். உம்மா எங்களிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “டொக்டர்மார் ராவில நிக்கிறது நோயாளிக்காக. இது விளையாட்டுத்தானே மகள்?” நாங்கள் அப்போது உள்ளகப் பயிற்சியில் இருந்தோம். எத்தனையோ இரவுகள் விடியும்வரை வார்டில் நின்றோம், ஆண் டொக்டர்மாரும் கூடவே நின்றார்கள். அதற்காக எந்த வீட்டிலும் யாரும் முகம் சுளித்ததில்லை.

அந்த உம்மாவை நாங்கள் குறை சொல்லவில்லை. விளையாட்டு என்று நினைத்ததுதான் பிழை. கூகிள் நிறுவனம் 2005இல் தொடங்கிய ‘சம்மர் ஒஃப் கோட்’ திட்டத்தில், முதல் 10 ஆண்டுகளின் மொத்தக் கணக்கில் உலகிலேயே அதிக மாணவர்கள் தெரிவானது மொறட்டுவையிலிருந்துதான். அமெரிக்கப் பல்கலைக்கழகம் எதுவுமல்ல, நம் நாட்டுப் பல்கலைக்கழகம். அது போட்டியல்ல, போட்டியிட்டுப் பெறவேண்டிய வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், கொடுப்பனவும் உண்டு, இராத்தங்கலும் இல்லை. இப்படியொன்று இருப்பதை அந்தப் பிள்ளைக்கு நாங்களாவது சொல்லியிருக்கலாம். எங்களுக்கும் தெரியாது.

இரவும் பெண்ணும் கணினியும் சேர்வது புதிதுமல்ல. 1946இல் எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த முதல் அணியில் 6 பேரும் பெண்கள். அறிமுக விழாவுக்கு முந்திய இரவு நெடுநேரம் பிழை தேடியவர்களும் அவர்களே.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்புத் தோழியின் மகள் அழைத்தாள். “டொக்டர் சாச்சி, உம்மாட்ட நீங்க சொல்லுங்க.” எக்ஸ்ட்ரீம்தான். தோழியோடு பேசினோம். கழிவறை எந்த மாடியில், இரவில் பொம்பிளை ஆசிரியர் யார் இருப்பார், விடியக்காலை விடுதிக்கு எப்படித் திரும்புவாள் என்று கேட்டாள். உள்ளகப் பயிற்சிக்கு நாங்கள் புறப்பட்டபோது எங்கள் உம்மாமார் கேட்டதும் இவற்றைத்தான். விசாரித்துச் சொன்னோம்: விரிவுரையாளர் ஒருவர் இரவு முழுவதும் இருப்பார், அவரும் பெண், வேனும் உண்டு.

மகள் போனாள். இரவு 2 மணிக்குத் தோழி எங்களை எழுப்பினாள், பிள்ளை போன் எடுக்கவில்லையாம். “கணக்குச் செய்துகொண்டிருப்பாள், நீ படு” என்றோம். அவள் படுக்கவில்லை. 5.40க்கு மகளிடமிருந்து செய்தி வந்தது: 9 கணக்கு முடித்தோம், பசிக்கிறது.