கப்பல் ஏறாத கறுப்பு பீர்

பீரை ருசிபார்த்து மார்க் போடுவதற்கென்றே அமெரிக்காவில் பிஜேசிபி என்றொரு நடுவர் அமைப்பு இருக்கிறது. அவர்களுடைய தாளில் மொத்தம் 50 மார்க். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் தெரியும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. "எனக்குப் பிடிச்சிருக்கு" என்பதற்கு இதில் பெரிய இடமில்லை. ஒவ்வொரு வகை பீருக்கும் கசப்பு இவ்வளவு, நிறம் இவ்வளவு, ஆல்கஹால் இவ்வளவு என்று ஒரு வரையறை உண்டு. கையில் இருக்கும் கோப்பை அந்த வரையறையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்றுதான் பார்க்கவேண்டும். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது புதுசில்லை. எங்கள் டெஸ்டிங்கும் இப்படித்தான், முதலில் ஸ்பெக், அப்புறம்தான் பாஸா ஃபெயிலா என்ற பேச்சு.

சரி, அந்த ஸ்பெக் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நம்ம மேட்டுப்பாளையம் ரோடு வழியாக நீலகிரி வரைக்கும் ஏறவேண்டியிருக்கிறது.

ஆபீஸ் வேலையாகக் கொழும்பு போயிருந்தபோது நானும் கூட வேலை செய்யும் நண்பர் ஒருவரும் லயன் ஸ்டவுட் வாங்கி, இந்தத் தாளை வைத்து மார்க் போட்டோம். லயன் ஸ்டவுட் இலங்கையின் புகழ்பெற்ற கறுப்பு பீர். ஆல்கஹால் 8.8 சதவீதம். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் வெளிச்சம் ஊடுருவாத கறுப்பு. மேலே டிகாஷன் கலந்த பால் நிறத்தில் நுரை. மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் வறுத்த காபிக்கொட்டை, கருப்பட்டி, உலர்ந்த திராட்சை. வாயில் முதலில் இனிப்பு, அடுத்து லேசாகக் கருகிய கசப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு சூடு. என் மார்க் மணத்துக்கு 10, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 16, கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 8. கூட்டினால் 42.

நண்பர் போட்டது 34. அவர் பெங்களூரில் கிராஃப்ட் பீர் குடித்துப் பழகியவர். கறுப்பு ஐபிஏ மாதிரி, கறுப்பாகவும் இருக்கணும், ஹாப்ஸ் கசப்பும் தூக்கலாக இருக்கணும் அவருக்கு. "ஏனுங்க, இதுல ஹாப்ஸே தெரியலீங்களே?" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கப்பலில் இருக்கிறது.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. அதைக் கொதிக்கும் மால்ட் சாற்றில் போட்டால் அதிலுள்ள அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தரும். அதே அமிலங்கள், பீரைப் புளிக்கவைத்துக் கெடுக்கும் லாக்டிக் வகை பாக்டீரியாக்களை வளரவிடாது. அதாவது ஹாப்ஸ் ருசிக்காக மட்டும் போட்டதல்ல, ஊறுகாய்க்கு உப்பு மாதிரி பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான். சூயஸ் கால்வாய் 1869-ல் திறப்பதற்கு முன்னால், லண்டனில் ஏற்றிய பீப்பாய் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இந்தியா வர நாலு முதல் ஆறு மாதம். நிலநடுக்கோட்டை இரண்டு தடவை தாண்டவேண்டும். அந்த வெக்கையில் சாதாரண பீர் தாங்காது. எனவே ஹாப்ஸையும் ஆல்கஹாலையும் கூட்டினார்கள். டப்ளின் கின்னஸ் 1801-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று தனியாக ஒரு போர்ட்டர் காய்ச்சியது. அதிலும் இதே உத்திதான்.

இந்தியாவுக்கு வந்த பீர் என்றாலே எல்லோரும் ஐபிஏ கதையைச் சொல்கிறார்கள். லண்டன் ஹாட்சன், பிறகு 1820-களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப், வெளிர் நிறம், நல்ல கசப்பு என்று அந்தக் கதை போகும். பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. வெளிர் ஏல் பெரும்பாலும் அதிகாரிகளுடைய, வணிகர்களுடைய மேசைக்குப் போனது. பாரக்ஸில் இருந்த சாதாரண வெள்ளைச் சிப்பாய் குடித்தது போர்ட்டர் என்ற கறுப்பு பீர். அரசாங்கமே டெண்டர் விட்டு, ஹாக்ஸ்ஹெட் கணக்கில் போர்ட்டர் வாங்கி அனுப்பியது. ஒரு ஹாக்ஸ்ஹெட் பீப்பாய் 54 காலன், நம்ம கணக்கில் சுமார் 245 லிட்டர். இன்றைக்குப் புதுமை என்று மெனு கார்டில் போடும் "கறுப்பு, கசப்பு, ஸ்ட்ராங்" என்ற மூன்றும், இருநூறு வருஷத்துக்கு முன்பே சிப்பாயின் தகரக் குவளையில் இருந்தவைதான்.

கறுப்பு நிறத்துக்கும் ஒரு தேதி உண்டு. 1817-ல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை உருளும் டிரம்மில் வறுக்கும் முறைக்கு லண்டனில் காப்புரிமை வாங்கினார். காபிக்கொட்டை வறுக்கும் டிரம்மைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அதே வேலைதான். கொஞ்சமே கொஞ்சம் வறுத்த மால்ட் போதும், பீர் முழுக்கக் கறுப்பாகிவிடும். லயன் ஸ்டவுட்டில் காபி வாசம் அடிப்பது தற்செயல் இல்லை.

இனி மலைக்கு வருவோம். கப்பல் செலவைத் தவிர்க்க ஒரே வழி, இங்கேயே காய்ச்சுவது. ஆனால் குளிர்பதன இயந்திரம் வருவதற்கு முன் சமவெளியில் அது நடக்காது. ஏல் ஈஸ்ட்டுக்கு 15 முதல் 20 டிகிரி வேண்டும். நம்ம பெரியநாயக்கன்பாளையத்து ஏப்ரல் மாச வெயிலில் ஈஸ்ட் என்ன பாடுபடும் என்று நினைத்துப்பாருங்கள்! அதனால்தான் ஆரம்பகால புருவரிகள் மலைகளைத் தேடிப் போயின. வடக்கே கசௌலி, மரி. தெற்கே அரவங்காட்டில் 1857-ல் தொடங்கிய காசில் புருவரி. இலங்கையில் 1881-ல் நுவரெலியாவில் சிலோன் புருவரி. குன்னூரும் நுவரெலியாவும் கிட்டத்தட்ட ஒரே உயரம், சுமார் 1,850 மீட்டர். அரவங்காட்டுக்குப் பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவ முகாம். காய்ச்சும் இடமும் குடிக்கிற ஆளும் ஒரே மலையில்.

இங்கேதான் ஸ்பெக் இரண்டாகப் பிரிகிறது. பிஜேசிபி 2015-ல் வெளியிட்ட வரையறையில் "ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்" ஒரு வகை, "டிராபிகல் ஸ்டவுட்" இன்னொரு வகை. முன்னது கப்பல் ஏறிய வம்சம், அதன் கசப்பு அளவு 50 முதல் 70 ஐபியு. பின்னது வெப்ப நாடுகளிலேயே காய்ச்சப்பட்டு வளர்ந்த வம்சம், 30 முதல் 50 வரை மட்டும். இனிப்பு அதிகம், சர்க்கரை சேர்ப்பதும் உண்டு. பாட்டன் ஒருத்தர்தான், பேரன்கள் வேறு வேறு. என் ஊகம் இது: கடல் தாண்டத் தேவையில்லாத பீருக்கு அவ்வளவு ஹாப்ஸ் எதற்கு? நீண்ட கோடைப் பகல் இல்லாத நம்ம பக்கம் ஹாப்ஸ் சரியாக விளைவதுமில்லை, ஐரோப்பாவிலிருந்துதான் வரவழைக்கவேண்டும். செலவான சரக்கைக் குறைத்துப் போடுவது எந்த வியாபாரியும் செய்கிற காரியம். கறுப்பும் ஆல்கஹாலும் நின்றன, கசப்பு இறங்கியது.

டிராபிகல் ஸ்டவுட்டுக்கு உதாரணமாக பிஜேசிபி சொல்லும் பெயர்களில் லயன் ஸ்டவுட்டும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால் அந்த வகைக்கு ஆல்கஹால் உச்சவரம்பு 8 சதவீதம். இது 8.8. ஸ்பெக்கில் உதாரணமாகக் காட்டிய பொருளே ஸ்பெக்கைத் தாண்டுகிறது! பீர் முதலில் இருந்தது, ஸ்பெக் பின்னால் எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரே மாதிரி மலை, ஒரே மாதிரி தொடக்கம். அப்புறம் நம்ம பக்கம் என்ன ஆச்சு? 1915-ல் தாமஸ் லீஷ்மன், காசில், நீலகிரி உட்பட ஐந்து தென்னிந்திய புருவரிகளை ஒன்றாக்கி யுனைடெட் புருவரிஸ் தொடங்கினார். அந்தக் காலத்தில் மாட்டுவண்டியில் ஹாக்ஸ்ஹெட் ஏற்றி ராணுவ முகாம்களுக்கு அனுப்பினார்களாம். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948 அக்டோபர் 2-க்குள் அது மதராஸ் மாகாணம் முழுக்க வந்துவிட்டது. கள்ளும் சாராயமும் ஒழித்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் யாரும் அந்த முடிவை லேசாகக் குறை சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் இலங்கையில் அந்த அறுபடல் நடக்கவில்லை. பீர் பற்றி எழுதுவதையே ஒரு துறையாக்கிய ஆங்கிலேயர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, வேறு ஆள்) கண்டி வரை போய் லயன் ஸ்டவுட்டைக் குடித்துப் பாராட்டி எழுதினார். பிறகு பாட்டில் லேபிளிலேயே அவர் முகம் வந்தது. 1990-களின் இறுதியில் புருவரி நுவரெலியாவிலிருந்து கொழும்புக்குப் பக்கம் பியகமவுக்கு இறங்கியது. கறுப்பு பீர் மட்டும் நிற்கவில்லை.

இங்கே ஸ்ட்ராங் பீர் என்றால் வெளிர் மஞ்சள் லாகர், லேபிளில் ஒரு சதவீத எண். கேட்கிற ஒரே கேள்வி "ஏறுமா?" என்பதுதான். கருகல், கருப்பட்டி, கசப்பு என்று ருசியைப் பிரித்துச் சொல்ல நம்மிடம் வார்த்தை இல்லாமல் இல்லை. காபிக்கும் ரசத்துக்கும் அவ்வளவு நுணுக்கமாகக் குறை சொல்கிறோம். பீரைப் பற்றி அப்படிப் பேசும் பழக்கம்தான் இங்கே வளரவில்லை.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் 34-ஐ 37 ஆக்கினார், அதற்கு மேல் ஏறவில்லை. கசப்பு வேண்டுமென்பது அவர் நாக்கு, அதில் தப்பில்லை. ஆனால் ஹாப்ஸ் குறைவு என்பதை இந்த பீரின் குற்றமாக எழுதக்கூடாது. அது கப்பல் ஏறாத பீர். என் 42 அப்படியே இருக்கட்டும்.