யேல் எனும் பெயர் – 6: குண்டு போன தூரம்

1690ஆம் ஆண்டு செப்டம்பர் 23. தேவனாம்பட்டினம் கோட்டையில் ஒரு பீரங்கி. திரிக்குப் பக்கத்தில் நெருப்பு. போன வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் ஊர்களெல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. கோட்டை விற்பனையின் நிபந்தனை அது. விற்றவர்கள் மராட்டியர்கள். அவர்களுடைய அரசர் ராஜாராம் அப்போது செஞ்சிக் கோட்டையில் இருந்தார். முகலாயப் படை செஞ்சியை நெருக்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் பணம் அவசரமாகத் தேவை. வாங்கியவர், சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் எலிகு யேல். இந்த ஒரு வேட்டுக்காகவே சென்னையிலிருந்து பீரங்கியையும் கைதேர்ந்த பீரங்கிக்காரரையும் அனுப்பியிருந்தார்கள். மருந்தை எப்படிக் கெட்டித்து, குழாயை எப்படிச் சாய்த்துச் சுட்டால் அதிக லாபமோ, அது அந்த ஆளின் கைத்திறமை என்று கம்பெனிக் கடிதமே குறிப்பாகச் சொன்னது.

ஆள் திறமைசாலிதான். கூடலூர், அதாவது இன்றைய கடலூர், நகரமே எல்லைக்குள் வந்து விழுந்தது. சுற்றியிருந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர் வந்தது. இன்றும் கடலூருக்குப் போனால் குண்டு உப்பலவாடி என்று ஒரு ஊர் உண்டு. அந்த ஊர்களில் குடியிருந்தவர்கள் காலையில் மராட்டியர் குடிகள், மாலையில் கம்பெனிக் குடிகள். அவர்கள் சம்மதத்தைக் கேட்டதாக எந்தப் பதிவும் நான் படித்ததில்லை.

வாங்கிய கோட்டைக்கு யேல் வைத்த பெயர் புனித டேவிட் கோட்டை. டேவிட் என்பவர் வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர். யேல் வேல்ஸ் குடும்பத்துக்காரர். ஆகவே பொருத்தமான பெயர் என்பார்கள். ஆனால் எலிகுவின் அப்பா பெயரும் டேவிட். அவருக்கும் மனைவி கேதரினுக்கும் பிறந்த ஒரே மகன் பெயரும் டேவிட். அந்தச் சிறுவன் 1688 ஜனவரியில் சென்னையில் இறந்துபோயிருந்தான். வயது நான்கைத் தாண்டவில்லை.

எந்த டேவிட்டுக்காக அந்தக் கோட்டை? தகப்பன் மனதை ஆவணம் சொல்லாது. என்னைக் கேட்டால், மகனைப் புதைத்து மூன்று வருடம்கூட ஆகாத ஒருவர் அந்தப் பெயரை எழுதும்போது புனிதரை மட்டும் நினைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை.

*

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு சிறு நினைவூட்டல். வேல்ஸின் வடகிழக்கில் இயால் என்றொரு மேட்டு நிலப்பகுதி. வேல்ஸ்காரர்களுக்கு அந்தக் காலத்தில் நிலையான குடும்பப் பெயர் கிடையாது. இன்னாருடைய மகன் இன்னார் என்று நம் ஊரைப் போலத்தான் சொல்லிக்கொள்வார்கள். ஆங்கில ஆட்சியின் வழக்கம் பரவியபோது, பிளாஸ் இன் இயால் என்ற வீட்டுக் குடும்பம் தன் மண்ணின் பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. இயால், ஆங்கில எழுத்தில் யேல் ஆனது. ஒரே ஒரு மலைச்சரிவின் பெயர் என்பதால் அதைச் சூடியவர்கள் எப்போதுமே மிகக் குறைவு. கேன்டர்பரி பேராயர் மேத்யூ பார்க்கரிடம் உயர்பதவி வகித்த தாமஸ் யேல் அவர்களில் முதலில் பேர் பெற்றவர்.

அந்தக் குடும்பத்தில் பிறந்த இன்னொரு தாமஸ் யேல் இறந்ததும், அவருடைய மனைவி ஆன், தியோபிலஸ் ஈட்டன் என்ற பியூரிட்டன் வணிகரை மறுமணம் செய்துகொண்டார். 1637இல் பிள்ளைகளோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அடுத்த வருடம் நியூ ஹேவன் குடியிருப்பு உருவானது. ஈட்டன் அதன் தலைவர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியல்ல என்று வாதாடிய ஆன் அம்மையாரை அதே ஊர்ச் சபை 1645இல் விலக்கிவைத்தது. முதல் கணவர் வழியில் அவருக்குப் பிறந்த இரண்டு மகன்களில் டேவிட், பாஸ்டனுக்குப் போய், 1652இல் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார். இடுப்பில் மூன்று வயது எலிகு. இன்னொரு மகன் தாமஸ், நியூ ஹேவனிலேயே தங்கிவிட்டார். இந்தச் சித்தப்பா தாமஸை மறந்துவிடாதீர்கள். கதையின் மறுபாதி அவர் கையில் இருக்கிறது.

*

எலிகு 1672இல் சென்னைக் கரையில் இறங்கியபோது அவர் வெறும் எழுத்தர். ஆண்டுக்குப் பத்து பவுண்டு சம்பளம். பதினைந்தே வருடத்தில் கவர்னர்.

இடையில் 1680 நவம்பர் 4 அன்று, கோட்டைக்குள் புதிதாகக் கட்டிய புனித மேரி தேவாலயத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. தேவாலயம் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே நடந்த முதல் கல்யாணம் அதுதான். மணப்பெண் கேதரின், கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸின் விதவை. ஹின்மர்ஸ் இறந்தது அதே ஆண்டில்.

கம்பெனிச் சம்பளத்தில் யாரும் பணக்காரர் ஆனதில்லை. சொந்த வியாபாரத்தில் ஆனார்கள். கோல்கொண்டா வைரம் சென்னை வழியாகத்தான் லண்டனுக்குப் போனது. யேல் அந்த வியாபாரத்தில் கரை கண்டவர். அவர் கவர்னராக இருந்தபோதுதான், 1688 செப்டம்பர் 29 அன்று, சென்னை மாநகராட்சி தொடங்கியது. அந்தப் பெருமையை நம் ஊர் விழா மேடைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள்.

மேடைகளில் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

1680களில் சோழமண்டலக் கரையில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. பசி தாங்காமல் மக்கள் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்றார்கள். வாங்குவதற்குக் கடற்கரையில் வியாபாரிகள் காத்திருந்தார்கள். 1687இல் ஒரே மாதத்தில் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து குறைந்தது 665 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஐரோப்பாவுக்குக் கிளம்பும் ஒவ்வொரு கப்பலிலும் பத்து அடிமைகளாவது போக வேண்டும் என்று முடிவெடுத்த கூட்டத்தில் யேலும் இருந்தார். போகும் வழியில் செயின்ட் ஹெலினா தீவு; அங்கே தோட்ட வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. குழந்தைகளைக் கடத்தி விற்பது முகலாய அதிகாரிகளின் கோபத்தைக் கிளறியபோதுதான், 1688இல், சென்னையிலிருந்து அடிமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

யேல் என்ற சொல்லைக் கேட்டதும் உலகம் நூலகத்தை நினைக்கிறது. எனக்கு அந்த 665 பேர் நினைவுக்கு வருகிறார்கள். மெட்ராஸ் அலையில் மசூலாப் படகு ஏறி, நடுக்கடலில் கப்பல் மாறியவர்கள். ஒருவர் பெயரும் நம் கையில் இல்லை. அரிய குடும்பப் பெயர் ஒன்றின் வரலாற்றை எழுத உட்கார்ந்தவனுக்கு, பெயரே இல்லாமல் போனவர்களைக் கடந்துபோக மனம் வரவில்லை.

*

1689இல் கேதரின் மகள்களோடு இங்கிலாந்து போய்விட்டார். யேலின் வீட்டில் ஹியரோனிமா டி பைவா என்ற பெண்மணி குடிவந்தார்; வைர வியாபாரி ஒருவரின் விதவை. அவர்களுக்குச் சார்லஸ் என்று ஒரு மகன். கோட்டைக்குள் பேச்சு எழுந்தது. அதைவிடப் பெரிய பேச்சு கணக்கு வழக்கில். கம்பெனியின் அதிகாரத்தைத் தன் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார் என்று புகார்மேல் புகார் லண்டன் போனது. 1692 அக்டோபரில் பதவி பறிபோனது. வழக்குகளை முடித்துக்கொண்டு அவர் கப்பலேற 1699 ஆகிவிட்டது.

அவர் விட்டுப்போன இரண்டு டேவிட்கள் என்ன ஆனார்கள்?

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார். அதே படையோடு ஆண்டு முடிவில் சென்னையை முற்றுகையிட்டார். கோட்டைக்கு வெளியே ஆங்கிலேயரின் பழைய இடுகாடு. அங்கிருந்த உயரமான கல்லறைகள் பிரெஞ்சு வீரர்களுக்கு நல்ல மறைவாக அமைந்தன. முற்றுகை விலகியதும் ஆங்கிலேயர்கள் முதல் வேலையாக இடுகாட்டை அகற்றினார்கள். கல்வெட்டுக் கற்களைப் பெயர்த்து புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். இரண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். அவற்றில் ஒன்று, உயரமான கூம்புத் தூண் நிற்கும் கல்லறை. அதனடியில் ஜோசப் ஹின்மர்ஸும் சிறுவன் டேவிட் யேலும் சேர்ந்து கிடக்கிறார்கள். தாயின் முதல் கணவர். தாயின் இரண்டாம் கல்யாணத்துப் பிள்ளை. உயிரோடு இருந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

தூண் இன்றும் நிற்கிறது, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி மைதானத்தில். அதை வேறிடத்துக்கு மாற்றக் கோரிய வழக்கு 2023இல்கூட நடந்தது. இருந்த இடத்திலேயே அது இருக்க வேண்டும் என்பது என் ஆசை. யாருடைய புகழுக்காகவும் அல்ல. இந்த நகரத்தின் முதல் நூற்றாண்டைக் கையால் தொட்டுப் பார்க்க மிச்சமிருக்கும் மிகச் சில கற்களில் அதுவும் ஒன்று.

*

லண்டனில் யேல் பெரிய மனிதர். ஓவியம், வைரம், மரச்சாமான் என்று வீடு கொள்ளாத சேகரிப்பு. ஆனால் சார்லஸும் 1712இல் நன்னம்பிக்கை முனையில் இறந்துவிட்டான். மிச்சம் மூன்று மகள்கள். பெயர் சொல்ல ஆண்வாரிசு இல்லை.

1718 ஜனவரி 14 தேதியிட்ட ஒரு கடிதம் பாஸ்டனிலிருந்து வருகிறது. எழுதியவர் காட்டன் மேதர் என்ற பாதிரியார். கனெக்டிகட்டில் 1701இல் தொடங்கிய ஒரு சிறு கல்லூரி, நியூ ஹேவனில் கட்டடம் எழுப்பப் பணமில்லாமல் தவிக்கிறது. உதவினால் உங்கள் பெயரையே வைப்பார்கள். அது பிள்ளைகளைவிடவும் நீடித்து உங்கள் பெயரைத் தாங்கும் என்ற பொருளில் எழுதியிருந்தார். மகன்களை இழந்த மனிதரின் மனதில் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று பாதிரியாருக்குத் தெரிந்திருந்தது.

யேல் அனுப்பியவை: 417 புத்தகங்கள், அரசர் முதலாம் ஜார்ஜின் ஓவியம், ஒன்பது பொதி சரக்கு. பொதிக்குள் கலிக்கோ, மஸ்லின், பட்டு எனத் துணிகள். பாஸ்டனில் அவை 562 பவுண்டுக்கு விலைபோயின. அந்த செப்டம்பரிலேயே கல்லூரிக்கு யேல் கல்லூரி என்று பெயர் சூட்டினார்கள். அதே கல்லூரிக்கு அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் வீடு வீடாகப் போய் 700க்கும் மேற்பட்ட புத்தகங்கள் திரட்டி அனுப்பியவர் ஜெரமையா டம்மர். நியூட்டனே தன் நூல்களைக் கொடுத்திருந்தார். யேலை இந்தக் கொடைக்குச் சம்மதிக்கவைக்கப் பாடுபட்டவரும் டம்மர்தான். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியிருக்கலாம்.

1721 ஜூலை 8 அன்று யேல் காலமானார். வேல்ஸில் ரெக்ஸ்ஹாம் நகரத்து புனித கைல்ஸ் தேவாலய வாசலில் அடக்கம். முறைப்படி முடித்த உயில் இல்லை. சேகரிப்பெல்லாம் ஏலத்துக்குப் போனது. எலிகுவின் கிளையில் யேல் என்ற பெயர் அதோடு அற்றுப்போனது.

*

சித்தப்பா தாமஸை நினைவிருக்கிறதா? அவருடைய பேரன் பேத்திகள் நியூ ஹேவனைச் சுற்றிய ஊர்களில் உழுது, கடை வைத்து, பெருகிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸ் வைரத்தில் ஒரு காசுகூட அவர்களுக்கு வரவில்லை.

அந்த வழியில் வந்தவர் லைனஸ் யேல். நியூயார்க் மாநிலத்து நியூபோர்ட் என்ற சிற்றூரில் வங்கிப் பூட்டு செய்துகொண்டிருந்தார். அவர் மகனுக்கும் லைனஸ் என்றே பெயர். மகன் முதலில் தேடியது தூரிகையை. மனிதர்களின் முகத்தை வரைய விரும்பினார். பிறகு தந்தையின் தொழிலுக்கே வந்தார். மற்ற கம்பெனிகள் திறக்கவே முடியாது என்று விளம்பரம் செய்த பூட்டுகளை ஆட்கள் முன்னிலையில் திறந்து காட்டினார். 1861, 1865 ஆண்டுகளில் தன் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்.

உங்கள் வீட்டு வாசல்கதவுச் சாவியை ஒரு நிமிடம் கையில் எடுங்கள். தட்டையான தகடு, ஒரு விளிம்பில் மேடும் பள்ளமும். பூட்டுக்குள் ஒரு சிறு உருளை. அதற்குக் குறுக்கே வரிசையாக ஊசிகள், ஒவ்வொன்றும் இரண்டு துண்டாக, மேலே ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழையும்போது எல்லா ஊசிகளின் வெட்டும் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வந்து நிற்கும். உருளை சுழலும். ஒரு ஊசி மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் சுழலாது. பண்டைய எகிப்தின் மரப்பூட்டிலேயே இந்தத் தத்துவம் இருந்தது. அதை விரல் நீளச் சாவிக்குள் கொண்டுவந்து, சாமானியரின் கதவுக்கும் கிடைக்கச் செய்தது யேல்.

1868 அக்டோபரில் ஹென்றி டவுன் என்ற இளம் பொறியாளரோடு கூட்டுச் சேர்ந்தார். கனெக்டிகட்டின் ஸ்டாம்ஃபோர்டில் தொழிற்சாலை எழும்பத் தொடங்கியது. டிசம்பரில் லைனஸ் வியாபார விஷயமாக நியூயார்க் கிளம்பினார். கிறிஸ்துமஸ் அன்றும் அவர் அங்கேதான் இருந்தார். தொழிற்சாலைக்கு அவர் திரும்பி வரவே இல்லை.

அடுத்த வாரம்: அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் நடந்தது என்ன? முதலாளி இல்லாத தொழிற்சாலையை டவுன் என்ன செய்தார்? கூடவே, கனடாவில் ஃப்ரேசர் ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்த குள்ளமான ஜேம்ஸ் மர்ரி யேலையும், 1858இல் அந்தக் கரையில் தங்கம் கிடைத்த செய்தியைக் கேட்டு ஓடிவந்த கூட்டத்தையும் பார்ப்போம்.

(தொடரும்)