தறியிலிருந்து செயலி வரை: சொந்தக் கருவியோடு உழைப்போரின் நியாயக் கூலிக் கணக்கு

ஆடித்தபசுக்குப் பெயர் பெற்ற சங்கரன்கோவில், விசைத்தறி ஊரும்கூட. ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் ஊடை நூலும் வாங்கி, வீட்டோடு இருக்கும் தறியில் நெய்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் குடும்பங்கள் இங்கே உண்டு. தறி அவர்களுடையது, நூலும் சந்தையும் பிறருடையவை. சொந்த பைக்கில் உணவு கொண்டுசெல்பவரின் நிலையும் இதுவே. வண்டி அவருடையது, ஆர்டரும் கட்டணமும் செயலியின் கையில். வாழ்க்கைச் செலவிலிருந்து கூலியைக் கணக்கிடும் முறை இந்தியாவில் 1957 முதலே இருந்தும், இவ்விரு தரப்பாருக்கும் அது ஏன் எட்டவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சட்டம் கண்டதும் விட்டதும்

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பிறர் தரும் பொருளைத் தன் வீட்டில் வைத்துச் செய்து கொடுப்பவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. உருப்படிக் கூலிக்கு உழைப்பவரின் வருமானம், நேரக் கூலி நிர்ணயிக்கப்பட்ட வேலையில் அந்த நேரக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று அதன் 17ஆம் பிரிவு சொன்னது. அரசியலமைப்பின் 43ஆம் பிரிவு, எல்லாத் தொழிலாளருக்கும் வாழ்வதற்கேற்ற ஊதியத்தை அரசின் இலக்காக்கியது.

தொகையை எப்படிக் கணக்கிடுவது? 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு விடை தந்தது. உழைப்பவர் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகு கொண்ட குடும்பம், ஊட்டச்சத்து அறிஞர் அய்க்ராய்டு வகுத்தபடி உணவு, ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு, பிற செலவுக்கு மொத்தக் கூலியில் 20 விழுக்காடு. 1991இல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், திருவிழா, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக 25 விழுக்காட்டைச் சேர்த்தது. அந்த வழக்கு சென்னைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து எழுந்தது.

சட்டம் வீட்டில் உழைப்பவரைக் கண்டுகொண்டாலும், தொகையைக் கணக்கிடும் இந்த வரையறைகள் கருவியை முதலாளி தரும் ஆலையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. தறியும் வண்டியும் உழைப்பவருடையதாக இருக்கும்போது கணக்கில் மூன்று வரிகள் விடுபடுகின்றன.

2. விடுபட்ட மூன்று வரிகள்

முதலாவது, கருவிச் செலவு. உதிரிபாகம், பழுது, தறி நிற்கும் இடத்தின் வாடகை, தேய்மானம் எல்லாம் கூலிக்குள்ளிருந்தே போகின்றன. விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023இல் 1000 யூனிட்டாக உயர்த்தியது நல்ல உதவி. ஆனால் செலவுக் கணக்கு எழுத்தில் இல்லாதபோது, அந்தச் சலுகையைக் காட்டியே கூலி உயர்வைத் தள்ளிப்போட முடியும்.

இரண்டாவது, காத்திருப்பு. ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு வரும்வரை தறி ஓடாது. வீட்டு அடுப்பு எரிந்தாக வேண்டும்.

மூன்றாவது, வீட்டாரின் உழைப்பு. தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. மனைவி மக்களின் வருமானத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 1957 மாநாடு தெளிவாகவே சொன்னது. தறி வீட்டிலோ அவர்களின் உழைப்பு சேலைக் கூலிக்குள் ஓசையின்றிக் கரைந்துவிடுகிறது.

விளக்கத்துக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். குடும்பத் தேவை மாதம் 24,000 ரூபாய், தறிகள் தடையின்றி ஓடினால் 600 சேலை என்று கொண்டால், சேலைக்கு 40 ரூபாய் வருகிறது. கருவிச் செலவு 6,000 சேர்ந்தால் 50. பாவு தாமதத்தால் 450 சேலைதான் நெய்ய முடிந்தது என்றால் 67. தார் சுற்றியவருக்கு 6,000 கூலி வைத்தால் 80. மூன்று வரிகளையும் எழுதியதும் கூலி இரட்டிப்பாகிறது.

3. செயலிக் காலம்

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலிவழி உழைப்போர் உள்ளிட்ட கிக் தொழிலாளரை வரையறுக்கிறது. நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. தமிழகம் 2023இல் அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. இவை நலத்திட்டங்கள், கூலிக்குக் கீழ்வரம்பு இன்னும் இல்லை.

அப்படி ஒன்றை வகுக்க முடியும் என்பதற்கு நியூயார்க் நகரம் சான்று. 2019இல் அங்கே செயலி வாடகைக் கார் ஓட்டுநருக்குச் செலவு போக மணிக்கு 17.22 டாலர் மிஞ்சும்படி கட்டணம் வகுத்தார்கள். வண்டிச் செலவைச் சேர்த்து, பயணிகளோடு ஓடும் நேரத்தின் விகிதத்தால் வகுத்தார்கள். காத்திருப்புக்கும் விலை உண்டு என்பதே அதன் அடிப்படை.

4. முடிவு

நம் தறித் தொழிலில் கூலிப் பேச்சு விழுக்காட்டிலேயே நடக்கிறது. 2021 நவம்பரில் கோவை, திருப்பூர் பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத்துக்கு 23, பிற ரகங்களுக்கு 20 விழுக்காடு என்று உயர்வு முடிவானது. அடிப்படைக் கூலியிலேயே மூன்று வரிகள் விடுபட்டிருந்தால், எத்தனை விழுக்காடு ஏற்றினாலும் அந்தக் குறை கூடவே வரும். ஆகவே சங்கரன்கோவிலின் அடுத்த கூலி ஒப்பந்தம் குடும்பத் தேவை, கருவிச் செலவு, காத்திருப்பு, வீட்டார் உழைப்பு ஆகிய நான்கையும் தனித்தனியே எழுதி, தொழிலாளர் துறையின் முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும். நூல் தருபவருக்கு அது பொருந்தும் என்றால் செயலி நடத்துபவருக்கும் பொருந்தும்.