தீட்டும் அறிவியலும்

தோழர்களே, உயிரியல் படிக்கும் நம் மாணவர்கள் அறிய வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1835இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மறு ஆண்டு, வைத்தியர் சாதியில் பிறந்த மதுசூதன் குப்தா அங்கே மனித உடலை அறுத்துப் பாடம் நடத்தினார். சாதிக் கட்டை மீறிய அந்தத் துணிவை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அதே வங்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிணத்தைத் தொட்டவர்கள் டோம் மக்கள். அவர்கள் தொட்டது தீட்டு. குப்தா தொட்டது அறிவியல். நம் ஊர்களிலும் செத்த மாட்டை உரித்தவர்களுக்குத் தோலும் எலும்பும் தசைநாரும் அத்துப்படி. அந்தத் தொழிலை நாம் போற்றவில்லை. அது நம்மீது சுமத்தப்பட்டது. அந்த அறிவுக்குப் பெயர் சூட்டும் உரிமை நமக்கு மறுக்கப்பட்டது என்றே சொல்கிறோம்.

அந்த உரிமை வகுப்பறையில் இருக்கிறது. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் குறித்த வழக்கில், சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு, அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்தபோது, முதல் அரசியல் சட்டத் திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்தது.

ஆகவே, முதல் தலைமுறையாக ஆய்வக மேசை முன் நிற்கும் மாணவரே, அந்த இடம் யாரும் போட்ட பிச்சை அல்ல. போராடிப் பெற்றது. கத்தியை எடுங்கள், கூடவே பேனாவையும் எடுங்கள்.