இதயத் தசை வளர்ச்சியில் இணைப்புப் புரதங்கள்

சமிக்ஞை இணைப்புப் புரதங்கள் (அடாப்டர் புரதங்கள்) என்பவை உயிரணுவுக்கு வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே கடத்த உதவும் புரதங்கள் ஆகும். இவை நொதிகள் அல்ல. ஒரு புரதத்தை மற்றொன்றுடன் பிணைத்து வைப்பதே இவற்றின் பணி. புற்றுநோய் ஆய்வில் அறியப்பட்ட இவை, இதயம் உருவாகவும் இன்றியமையாதவை என்பது 1990களின் இறுதியில் தெளிவாயிற்று.

கண்டுபிடிப்பு

1986 இல் டோனி பாசன் குழுவினர், கோழிகளில் புற்றுக்கட்டியை உண்டாக்கும் ஒரு வைரசின் புரதத்தில் எஸ்எச்2 என்ற பகுதியை விவரித்தனர். 1988 இல் ஹிடேசபுரோ ஹனாஃபூசாவின் ஆய்வகம் மற்றொரு கோழி வைரசில் கிர்க் என்ற புரதத்தைக் கண்டது. தனக்கென நொதிச் செயல் இல்லாத ஒரு புரதம் உயிரணுவைப் புற்றாக மாற்றியது புதிராக இருந்தது. 1992 இல் கிரப்2, ஷிக் ஆகிய புரதங்கள் விவரிக்கப்பட்டபின் புதிர் அவிழத் தொடங்கியது. கிரப்2 தன் எஸ்எச்2 பகுதியால் தூண்டப்பட்ட ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. மற்ற இரு பகுதிகளால் சாஸ் என்ற புரதத்தை ஏந்தி நிற்கிறது. சாஸ், ராஸ் புரதத்தை இயக்க, வளர்ச்சிக் கட்டளை உட்கருவை நோக்கிச் செல்கிறது.

இதயத்தில் பங்கு

1995 இல் நியூரெகுலின் என்ற வளர்ச்சிக் காரணியோ அதன் ஏற்பிகளோ இல்லாத சுண்டெலிக் கருக்கள் ஆராயப்பட்டன. அவற்றின் இதய அறைகளின் உட்சுவரில் தசை மேடுகள் சரிவர உருவாகவில்லை, கருக்கள் இறந்தன. ஏற்பிக்கும் உயிரணுவின் உட்பகுதிக்கும் இடையே செய்தியைக் கடத்துபவை எவை என்ற கேள்விக்கு அடுத்தடுத்த ஆய்வுகள் விடை தேடின.

1998 இல், பி130காஸ் இல்லாத கருக்களில் இதயத் தசை இழைகள் ஒழுங்கற்றுக் கிடந்தது காட்டப்பட்டது. 2000 இல், ஷிக்-ஏ இல்லாத கருக்கள் இதய, இரத்தக்குழாய்க் குறைபாடுகளுடன் ஏறத்தாழ 11.5ஆம் நாளில் இறந்தன. அவற்றின் உயிரணுக்கள் வளர்ச்சிக் காரணி குறைந்த அளவில் இருந்தபோது சரியாகத் தூண்டப்படவில்லை. மெல்லிய செய்தியையும் உணரச் செய்வது இணைப்புப் புரதமே என்பதை இது உணர்த்தியது. அதே ஆண்டில் காப்1 இல்லாத கருக்களிலும் இதயக் குறை காணப்பட்டது.

2007 இல் வெளியான ஆய்வில், இதயத் தசையில் மட்டும் காப்1, காப்2 இரண்டும் நீக்கப்பட்ட சுண்டெலிகளின் இதயம் பிறப்புக்குப் பின் விரிந்து வலுவிழந்தது. ஒன்றை மட்டும் நீக்கியபோது இந்நிலை ஏற்படவில்லை. ஒன்றின் பணியை மற்றொன்று ஈடுசெய்தது.

மருத்துவ முக்கியத்துவம்

பிறவி இதயக் குறைகளைக் கொண்ட நூனன் நோய்த்தொகைக்கு, காப்1 உடன் பிணையும் ஷிப்2 நொதியின் மரபணு மாற்றம் காரணமாகலாம் என 2001 இல் அறியப்பட்டது. கிரப்2 ஏந்தும் சாஸ் புரதத்தின் மரபணுவும் 2007 இல் இப்பட்டியலில் சேர்ந்தது. இந்நோயில் நுரையீரல் தமனி வால்வு குறுகுவதும் இதயத் தசை தடிப்பதும் காணப்படுகின்றன. இணைப்புப் புரதங்கள் கூட்டும் செய்திப் பாதையில் ஒரு கண்ணி அளவுக்கு மீறி இயங்கினாலும் குழந்தையின் இதயம் பாதிக்கப்படும் என்பதை இக்கண்டுபிடிப்புகள் காட்டின.