தெருவோரத்துக் கற்கள்

யாழ்ப்பாணத்தின் பழமையைக் காண வருவோர் முதலிற் செல்லுமிடம் கோட்டை. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் அதனை எழுப்பினர். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் அதனை ஐங்கோணமாகத் திருத்தியமைத்தனர். 1621இல் இடிக்கப்பட்ட நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் கற்களும் அச்சுவர்களிற் சேர்ந்தன என்பது வழிவழி வந்த செய்தி. பின்னர் நல்லூரில் மந்திரிமனையையும் யமுனா ஏரியையும் பார்த்துவிட்டால் பயணம் முடிந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். பாடசாலைச் சுற்றுலாக்களும் பெரும்பாலும் இவ்வளவே. ஆனால், நேயர்களே, இக்குடாநாட்டு மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிய விரும்புவோர் கிராமத்துத் தெருக்களில் இறங்கி நடத்தல் வேண்டும்.

இது வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நாடு. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால், இங்குள்ள நீரெல்லாம் சுண்ணாம்புப் பாறையின் அடியிலேயே உளது. மாரிமழை பாறையின் வெடிப்புகளூடே கீழிறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் நிற்கிறது. கிணறுடையவனுக்குக் கவலையில்லை. வழிப்போக்கனுக்கும் மேய்ச்சலுக்குப் போன மாட்டுக்கும் யார் நீர் கொடுப்பது? இக்கேள்விக்கு நம் முன்னோர் கல்லினால் விடை கூறினர்.

மாடுகள் இறங்கி நீர் அருந்தச் சரிவான வழி வைத்துக் கேணி கட்டினர். அதன் அருகே ஆவுரோஞ்சிக்கல் நாட்டினர். தினவெடுத்த மாடு உடலை உராய்ந்துகொள்ள ஒரு தூண், அவ்வளவுதான். சற்றுத் தள்ளிச் சுமைதாங்கி. தலையிற் கடகத்தோடு தனியே வருபவள் அதை நிலத்தில் இறக்கினால் மீண்டும் தூக்கிவிட ஒருவர் துணை வேண்டும். தலையுயரத்தில் ஒரு கல் இருந்தால் துணை வேண்டியதில்லை. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி அமைப்பது வழக்கம். இறக்க முடியாத சுமையோடு போனவளின் பேரால் பிறர் சுமையை இறக்க ஓரிடம்! கோட்டை கட்டியவரின் பெயரும் ஆண்டும் நமக்குத் தெரியும். இப்பெண்களிற் பலரின் பெயர் அவர்தம் ஊராருக்கே தெரியாது.

பருத்தித்துறைக்குச் செல்பவர் தெருமூடி மடத்தைக் காணாமல் திரும்பலாகாது. பொழிந்த கற்றூண்களின்மேல் கூரை தெருவையே மூடி நிற்க, வீதி அதனூடே செல்கிறது. இருபுறத்துத் திண்ணையிலும் வழிநடையாளர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கினர்.

இத்தகையவற்றை வரலாறு என மதிக்கலாமோ என ஐயுறுவோர் உளர். பிரான்சு தேசத்தின் தெற்கே செவென் மலைகளும், அவற்றை அடுத்துக் கோஸ் எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலங்களும் உள. அங்கும் மழைநீர் நிலத்தில் நில்லாது இறங்கிவிடும். ஆகவே இடையர் ஆடுகளுக்காகக் கல்பாவிய குட்டைகள் அமைத்தனர். அக்குட்டைகளும் மந்தை செல்லும் வழிகளும் கற்சுவர்களும் கூடிய அந்நிலப்பரப்பை 2011இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. நம் கேணியும் அந்த இடையரின் குட்டையும் ஒரே தேவையின் குழந்தைகள் அல்லவா? அங்கே அவற்றைக் காணப் பயணிகள் செல்கின்றனர். இங்கே வீதியை அகலமாக்கும்போது சுமைதாங்கி முதலிற் பெயர்க்கப்படுகிறது. கேணி குப்பையால் தூர்கிறது. பகையால் இடிந்தவற்றுக்காக வருந்துகிறோம். இவற்றை இடிப்பது பகையன்று, நம் அசட்டையே. தலைச்சுமை போய் மோட்டார் வண்டி வந்துவிட்டது, உண்மைதான். அதனாற் கல்லை ஓரமாக நகர்த்தி நாட்டவும் இயலாதா?

எஞ்சியவற்றைக் காண விரும்புவோர் குறிகட்டுவானிற் படகேறி நெடுந்தீவுக்குச் செல்லலாம். மட்டக்குதிரைகளையும் பருத்த பெருக்கு மரத்தையும் பார்க்கவே பலர் போகின்றனர். நான் சொல்வது காணிகளைச் சுற்றியுள்ள வேலிகளை. முருகைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள் அவை. ஒரு பக்கம் சரிந்தால், விழுந்த கற்களையே எடுத்து மீண்டும் அடுக்கிவிடலாம்.