நார்மன் சேப்பல்: ஆனந்த குமாரசுவாமியின் கைவினை இல்லம்

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய கலை–கைவினை இயக்கம், எந்திரப் பெருக்கத்தால் கைவினைஞன் தன் படைப்புரிமையை இழந்தமையை எதிர்த்து எழுந்ததாகும். வில்லியம் மோரிஸ் அதன் முதன்மைச் சிந்தனையாளர். அவ்வியக்கத்தினர் உருவாக்கிய இல்லங்களுள் ஒன்று ஈழத்துத் தமிழ் மரபில் வந்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமிக்காக (1877–1947) அமைந்தது. குளோஸ்டர்ஷயரில் பிராட் கேம்டன் என்னும் சிற்றூரிலுள்ள நார்மன் சேப்பலே அது.

கொழும்பில் சர் முத்துக் குமாரசுவாமிக்கு மகனாகப் பிறந்த ஆனந்தர், நிலவியல் பயின்று இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். அப்பணியின் பொருட்டு ஊர்தோறும் சென்றபோது, கண்டிப் பகுதியில் ஆதரவிழந்து அருகிவந்த கைவினை மரபைக் கண்டார். 1907இல் மனைவி எதெலுடன் இங்கிலாந்து சென்று இவ்வில்லத்தில் குடியேறினார். எதெலின் உடன்பிறந்தார், கட்டடக் கலைஞர் சி. ஆர். ஆஷ்பி நிறுவிய கைவினைஞர் சங்கத்தில் நகைக் கலைஞராக இருந்தவர்.

12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு கோயில் ஒன்று சிதைந்து கிடந்தது. ஆஷ்பி அதனை 1905–1907 காலத்தில் வீடாக்கினார். பழைய சுவர்களை இடிக்காமல் போற்றி, அவற்றோடு புதிய பகுதியை இணைத்தார். பழங்கட்டடங்களைக் காக்க 1877இல் மோரிஸ் தொடங்கிய கழகத்தின் கொள்கைக்கு இம்முறை இசைந்ததாகும்.

ஆஷ்பியின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகமும் இவ்வில்லத்திற்கு வந்து சேர்ந்தது. மோரிஸ் சாசரின் படைப்புகளை அச்சிட்ட அதே கைப்பொறியில், 1907 செப்டம்பர் முதல் 1908 டிசம்பர் வரை, ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆனந்தரின் ஆங்கில நூல் 425 படிகள் அச்சாயிற்று. கைவினையைப் பற்றிய நூல் கைவினையாகவே உருப்பெற்றது.

எனினும், அதே ஆண்டுகளில் ஆஷ்பியின் சங்கம் நலிந்து கலைந்தது. 1888இல் லண்டனில் தோன்றி, 1902இல் சிப்பிங் கேம்டனுக்குப் பெயர்ந்த அச்சங்கம் எந்திரப் பொருள்களின் மலிவோடு போட்டியிட இயலவில்லை. ஆர்வலரின் நல்லெண்ணம் மட்டும் கைவினையைக் காவாது என்பது இதனாற் புலப்படும். ஆஷ்பியின் முன்னுரையுடன் 1909இல் வெளிவந்த ‘இந்தியக் கைவினைஞன்’ நூலில், ஊரிலும் தொழிற்குழுவிலும் கைவினைஞனுக்கு உறுதியான இடம் இருந்தமையே அவன் கலைக்கு அடிப்படை என ஆனந்தர் விளக்கினார்.

மொழியியலார்க்கும் இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆனந்தர் கண்டிக் கலை உருக்களைச் சிங்களப் பெயர்களோடு பதிவு செய்தார். பாலக்காட்டுக் கணவாயின் இருபுறத்திலும் கொல்லன், தட்டான் என்னும் பெயர்களும் உளி என்னும் கருவிப்பெயரும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை. இத்தகைய பொதுச்சொற்கள் அகராதியில் நிலைபெற்றுவிட்டன. ஆனால் ஒவ்வொரு பட்டறைக்கும் உரிய அளவுப் பெயர்களும் வேலைமுறைச் சொற்களும் தொழில் செய்வோர் நாவில் மட்டுமே வாழ்வன. பட்டறை மூடப்படுமுன் அவற்றைத் தொகுப்பது இன்றியமையாத பணியாகும்.